கோட்டூர்புரம் பக்கம் ஒரு புல்வெளி: தயவுசெய்து மரம் நட வராதீர்கள்

ஜூன் முதல் வாரம், வெள்ளிக்கிழமை மதியம். ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகத்தில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. "காலி நிலத்தில் நானூறு மரங்கள்! நாளை காலை 8 மணி. தொப்பியும் மோரும் உண்டு." கூடவே ஒரு படம். அந்த இடம் எனக்குத் தெரியும். அது காலி நிலம் இல்லை.

கோட்டூர்புரம் பக்கம் ஒரு பழைய வளாகத்துக்குள் இருக்கும் மூன்று ஏக்கர் புல்வெளி அது. தாவரவியல் கடைசி வருடத்தில் அங்கேதான் என் ஆய்வு. பிளாஸ்டிக் குழாயில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்து, புல்மேல் வைத்து, உள்ளே இருப்பதை எல்லாம் எண்ண வேண்டும். ஒரே சட்டத்துக்குள் பதினெட்டு வகைச் செடிகள் இருந்தன. ஏர் பட்டதில்லை, கட்டடம் வந்ததில்லை. இப்படிப்பட்ட புல்வெளிக்கு வயது மண்ணுக்குக் கீழேதான். வேரும் கிழங்கும் பல தலைமுறைகளாக அங்கேயே இருக்கும். ஒரு முறை தோண்டிவிட்டால் விதை தூவித் திரும்பக் கொண்டுவர முடியாது. நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றுதான் கிளம்பினேன். அந்நியர்களிடம் பேசவே எனக்கு வராது என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அம்மா, என் படிப்புச் சமாசாரம் எதையும் தடுக்க மாட்டார், கிண்டல் மட்டும்தான். "லீவு நாள்ல புல்லு பாக்கப் போறியா? நீ இன்னா மாடா?"

6.50க்குப் பேருந்து நிறுத்தம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அது வருவதற்குள் காசு வாங்கும் பேருந்து மூன்று போய்விடும். 7.25க்கு ஏறி 7.45க்கு அடையாறு. அங்கிருந்து ஆட்டோ 120 ரூபாய் கேட்டார், 80க்கு வந்தார்.

"அங்க இன்னாம்மா கீது? காலியா கெடக்குற எடம்."

"புல்வெளி அண்ணா."

"அத்தான் சொல்றேன். காலி."

வாசலில் ஆதார் நகல் கேட்டார்கள். கொடுத்ததும் கையில் ஒரு புங்கன் கன்றைத் திணித்தார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. எதிர்க்க வந்தவள் கன்றும் கையுமாக உள்ளே போனேன்.

புல்வெளி முழுக்கச் சுண்ணாம்புப் பொட்டு வைத்திருந்தார்கள், வரிசை வரிசையாக. ஜூன் வெயிலில் புல் வைக்கோல் நிறத்தில் இருக்கும், பார்ப்பவர்களுக்குச் செத்துப்போனதாகத் தோன்றும். டிராக்டரில் பொருத்திய துளைக் கருவியால், வாடகைக்கு டிராக்டர் ஓட்டி வந்த மாரி அண்ணன் ஏற்கெனவே முப்பத்தொரு குழி போட்டிருந்தார். எண்ணினேன், பழக்க தோஷம். வந்திருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றிடமும் தகரத்தில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது: இறந்துபோன அப்பா, மாமியார், தாத்தா நினைவாக.

ஏற்பாடு செய்தவர் சபேசன் சார். மயிலாப்பூர்க்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரொம்ப நல்ல மனிதர், அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்திருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

"வாம்மா, மோர் குடிச்சியோ? எங்க அம்மா நெனைவா மகிழ மரம் வெக்கறேன், நட்ட நடுவுல. வாழ்நாள் பூரா மகிழம்பூ வெச்சிண்டவ."

மாரி அண்ணன் வெட்டிய குழி ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். "சார், இங்க மரம் நடக்கூடாது. இது புல்லோட இடம்."

"புல்லு எங்க வேணா வளருமேம்மா."

குழிச் சுவரைக் காட்டினேன். முழங்கால் ஆழத்துக்கும் வேர். அறுபட்ட நிலப்பனைக் கிழங்கு ஒன்றை எடுத்துக் கையில் வைத்தேன். இந்தச் செடிகளுக்கு வெயில் வேண்டும், நிழல் விழுந்தால் செத்துவிடும் என்றேன். அவர் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சமைக்கலாமோ?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் கருவியின் பல் உடைந்தது.

"போச்சு," என்று இறங்கினார் மாரி அண்ணன். "காலி நெலம்னு சொல்லி இட்டாந்த, நைனா. எங்க குத்தினாலும் வேர் பின்னிக்கினு கீது. மூணு மரத்த அறுத்தா மாதிரி இருக்கு. இனிமே நாளைக்குத்தான்."

"நாளைக்கா? எல்லாரும் வந்துட்டாளே!"

"அப்ப அந்த மதில் ஓரம் போ. புயல்ல மரம் வுழுந்த எடம், மண்ணு பொலபொலன்னு கீது. கடப்பாரையே போதும்."

சபேசன் சார் ஒப்புக்கொண்டார். மூன்று வருடம் படித்த படிப்பால் முடியாததை ஒரு உடைந்த பல் முடித்தது. எரிச்சலும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. எல்லாரும் பலகையோடு மதிலோரம் போனார்கள்.

ஒருவரைத் தவிர. "அம்மாது மட்டும் இங்கயே இருக்கட்டும்மா. ஒரு மரம்தானே?" நடுவில் மகிழங்கன்றை நட்டு, ஆளுயர மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டிவிட்டார். நான் தலையாட்டினேன். வெட்கக்கேடு.

மாரி அண்ணன் விடவில்லை. "வேரு, கெழங்குன்னு அவ்ளோ பேசினியே, இப்ப வாயில இன்னா கொழக்கட்டையா?"

கன்றுக்குப் பத்தடி தள்ளி ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே ஓடியது. அதன் முட்டையை அது ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் தேட வேண்டும் என்று ஆய்வு நாட்களில் கற்றிருந்தேன். வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, மண் நிறத்தில் நான்கு முட்டைகள். இந்தப் பறவைக்கு மரம் தேவையில்லை, மரம் இருந்தால்தான் ஆபத்து. ஏன் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 10.40க்கு ஒரு காகம் வந்து மூங்கில் குச்சியின் உச்சியில் உட்கார்ந்தது.

சபேசன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா! நட்டு அரை மணி ஆகலை, அம்மாவே வந்துட்டா." கைகூப்பினார். காகம் தலையைச் சாய்த்து முட்டைகளைப் பார்த்தது. ஆள்காட்டியும் அதன் ஜோடியும் மாற்றி மாற்றிப் பாய்ந்தன, காகம் நகரவில்லை.

இதை ஒரு மகனிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"சார்... அது முட்டைக்கு வந்திருக்கு."

"எந்த முட்டை?"

காட்டினேன். குனிந்து பார்த்தார். காகத்தை நிமிர்ந்து பார்த்தார். அது குச்சியிலிருந்து தரைக்கு இறங்கி இரண்டு எட்டு வைத்தது.

"சூ! போ!" தொப்பியை வீசி அடித்தார். காகம் பறந்தது. பிறகு, "எங்க அம்மா முட்டை சமைக்கற ஆத்து வாசலைக்கூட மிதிக்கமாட்டா," என்று சொல்லிவிட்டு, மூங்கிலைத் தானே பிடுங்கினார். கன்றை மண்ணோடு எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மதில் பக்கம் நடந்தார். மாரி அண்ணன் சிரிக்காமல் பின்னால் கடப்பாரையோடு போனார்.

நான் மதியம் ஒன்றரை வரை இருந்து, அந்த முப்பத்தொரு குழிகளையும் அதே மண்ணால் மூடினேன். மேலே மூடியாகிவிட்டது. கீழே அறுந்தது அறுந்ததுதான். ஆகஸ்டில் போனபோதும் அந்த வட்டங்களில் களைதான் முளைத்திருந்தது. மதிலோரத்தில் மகிழங்கன்றும், வாசலில் என் கையில் திணித்த புங்கனும் துளிர்விட்டிருந்தன.

போக நினைப்பவர்களுக்கு: பட்டினப்பாக்கத்திலிருந்து ஆறரை கிலோமீட்டர், எனக்கு ஒன்றேகால் மணி நேரமும் 80 ரூபாயும் ஆனது. சனிக்கிழமை காலை மட்டும் அனுமதி. முழுக்கால் உடை போடுங்கள், ஒட்டுப்புல் பிடுங்கவே ஒரு மாலை போய்விடும். பிப்ரவரி முதல் ஆகஸ்டு வரை பாதையை விட்டு இறங்காதீர்கள், காலடியில் முட்டை இருக்கும். மழை முடிந்த டிசம்பர்தான் நல்ல நேரம். பூச்சி தின்னும் சின்னச் செடி, கைவிரல் நகம் அளவுக்குச் சிவப்பாக, தரையோடு தரையாக இருக்கும். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது, மண்டி போட வேண்டும்.

வாசலில் யாராவது கன்று கொடுத்தால் மறுக்க உங்களுக்கும் கூச்சமாக இருக்கலாம். வாங்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. மதிலோரம் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.