நீலாங்கியில் ஆண்கள்தான் சுமப்பார்கள்

வாசுகிக்குக் கோபமே வராது என்று எங்கள் பெக்கான் நானாஸ் ஊரில் பலர் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரியான நான் அதை நம்பியதில்லை. பக்கத்து ஊரான கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியில் வேற்றுக்கிரகக் கதைகள் எழுதுவாள். ஆளைப் பார்த்தால் சாது. கதையைப் படித்தால் நமக்கு வியர்க்கும்.

கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. குறை கணவன் மதிவாணனுக்குத்தான். பரிசோதனை முடிவு வந்த அன்று, "அம்மாவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவாங்க, சொல்லாத" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு நான்கு வருடம் கசாயம், விரதம் எல்லாம் அவள் தலையில்தான் விழுந்தன. இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

போன மாதம் மதிவாணனின் தங்கை தேன்மொழிக்கு வளைகாப்பு. வளையல் போட வாசுகியைக் கூப்பிடவில்லை. பிள்ளை பெறாதவள் கை படக் கூடாதாம். எலுமிச்சைச் சோறு கிளற மட்டும் அதே கை பரவாயில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நல்ல நேரத்துக்கு அரைமணி இருந்தது. அன்றைய ஞாயிறு பேப்பரில் வாசுகியின் கதை வந்திருந்தது. அனுப்பி ஐந்து மாதமாகியிருந்ததால் அவளே அதை எதிர்பார்க்கவில்லை. மாமியார் ராசம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"நம்ம மருமக எழுதுனது. எல்லாரும் கேக்கட்டும், சத்தமா படிடா" என்று பேப்பரை மகனிடம் நீட்டினார். அவன் அந்தக் கதையை அதுவரை பார்த்ததில்லை. வாசுகி கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

நீலாங்கி என்றொரு கிரகம். அங்கே பெண்கள் விண்கலம் ஓட்டுவார்கள். ஆண்கள் வயிற்றுப் பையில் பிள்ளை சுமப்பார்கள். பூமியிலிருந்து போன தாரிணி அங்கே ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள்.

"ஐயோ அலமாக், ஆம்பளைங்க புள்ள பெத்தா ஒண்ணோட நிறுத்திக்குவாங்க லா" என்றாள் தேன்மொழி. கூடம் சிரித்தது. மதிவாணனும் சிரித்துக்கொண்டே படித்தான்.

திடீரென்று அவன் குரல் இறங்கியது. அவன் கண்கள் அடுத்த வரிகளுக்கு ஓடிவிட்டதை நான் பார்த்தேன்.

"அப்புறம்... அப்புறம் அவங்க ரெண்டு பேரும் பூமிக்கு வந்தாங்க. தாரிணிக்கே குழந்தை பிறந்துச்சு. அவ்வளவுதான்" என்று சொல்லிப் பேப்பரை மடித்தான்.

"நல்ல முடிவு" என்றார் ராசம்மா. "பொம்பள பெத்தாத்தான் முறை."

வாசுகி கரண்டியை வைத்துவிட்டு நேராக வந்தாள். கணவன் கையிலிருந்த பேப்பரை வாங்கினாள். அவன் உடனே விடவில்லை. அவள் இழுத்துத்தான் எடுத்தாள்.

"அவர் ஒரு பத்திய விட்டுட்டாரு, அத்தை" என்று சொல்லி வாசித்தாள். "வறண்டது தன்னுடைய பை என்று வைத்தியர் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் கேட்டபோது பூமியிலிருந்து வந்தவளைக் காட்டினான். அவன்மேல் வைத்த பிரியத்தால் அவள் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு விழாவிலும் அவளை வெளியே நிறுத்தினார்கள். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்."

மேலே ஒரு வார்த்தை அவளாகச் சேர்க்கவில்லை. பேப்பரில் இருந்ததைப் படித்தாள், நிறுத்தினாள்.

ராசம்மா மருமகளைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"கதைதாம்மா" என்றான் மதிவாணன். "அவ என்னென்னமோ எழுதுவா. எல்லாம் கற்பனை."

"கற்பனைதான?"

"ஆமாம்மா."

"ஆம்பளைங்க புள்ள சுமக்குறதையே கூசாம படிச்ச" என்றார் ராசம்மா. "அப்ப இந்தப் பத்திய மட்டும் ஏன்டா முழுங்குன?"