கேஸ் நானாட சிவப்புக் கோடு

கேஸ் நானா மவுத்தாகிட்டார்.

விடிய சுபஹுத் தொழுகையோட செய்தி வந்தது. அஸருக்குப் பிறகு அடக்கிட்டு, இப்பதான் வீட்டுக்கு வந்து போனைக் கையில எடுத்தேன்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்றேன். குறிஞ்சிப்பிட்டியில தகரக் கராஜ் வச்சிருந்த மெக்கானிக். பெயர் நிஸாம்தீன்; வயசுக்கு மூத்தவர் எண்டதால எல்லாருக்கும் நானா. கார் எஞ்சினுக்கு நைட்ரஸ் கேஸ் பூட்டி, அளவு பார்த்து ட்யூன் பண்றதில இலங்கையிலயே இவருக்கு அடுத்த ஆள் இல்ல. இருக்கு எண்டு சொல்றவங்க கொமெண்ட்ல வாங்க.

தொண்ணூறில முஸ்லிம் ஆக்களை விரட்டினப்ப மன்னார்ல இருந்து ஒரு ஸ்பானர் கட்டோட வந்த மனிசன். சண்டை முடிஞ்சு ரோட்டெல்லாம் கார்பட் போட்ட பிறகு பொடியன்மாருக்கு வேகப் பைத்தியம் பிடிச்சது. நானாவுக்கு வேலை குவிஞ்சது.

கல்பிட்டிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரன், இவர்ட வேலையைப் பார்க்க மூணு நாள் கராஜ் வாசல்லயே படுத்துக் கிடந்தான். நாலு நாள் எண்டும் வைக்கலாம்.

காது அப்படி. கடல்ல போற போட் சத்தத்தைக் கரையில நிண்டு கேட்டு, "அவன்ட பிளக் ஒண்டு செத்துட்டு" எண்டுவார். போட் திரும்பி வந்து பார்த்தா சரியா இருக்கும்...

இவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேஸ் போறதுக்கு ஊசி ஓட்டை போட்ட பித்தளைத் துண்டு ஒண்டு இருக்கு, ஜெட் எண்டு சொல்றது. அதைப் பூட்டி முடிச்சதும் நட்டுக்குக் குறுக்கால சிவப்பு நகப்பூச்சால ஒரு கோடு இழுப்பார். யாராவது திறந்தா கோடு உடைஞ்சிரும்.

"மதினிட நகப்பூச்சா நானா?"

"அவ பூசினா தொழுகைக்கு ஒழு எப்பிடிடா கூடும்? இது என்ட மூத்த பொஞ்சாதிக்கு வாங்கினது." எஞ்சினைக் காட்டுவார்.

இப்ப விஷயத்துக்கு வாறேன்.

கொஞ்ச வருஷத்துக்கு முந்தி, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள், உப்பளத்துக்கு அங்கால காய்ஞ்ச வெளியில ரேஸ். எதிர்ல சிலாபத்துக்காரன்ட கார். என்ட காரை நானா ரெண்டு கிழமை மினக்கெட்டு ட்யூன் பண்ணித் தந்தார். ஓட்டப் போறது என்ட மச்சான் ரிஸ்வான்.

முந்தின நாள் நான் ஒரு வேலை செஞ்சேன்.

நான் மீன் யாவாரி. சூடு பட்டா எதுவும் பழுதாகும் எண்டு பழகின கை. கேஸ் போத்தலைத் தூக்கிச் கொடுவா மீனோட ஐஸ் பெட்டிக்குள்ள வச்சிட்டேன். பிரெஷா இருக்கட்டும் எண்டு...

காலையில போத்தலைப் பூட்டி ஓட்டிப் பார்த்தா கார் இழுக்கல்ல. ஐஸில கிடந்து அமுக்கம் குறைஞ்சு மீற்றர் முள்ளு கீழ கிடக்கு. ஓட்டை பெரிசா இருந்தா கேஸ் கூடப் போகும்தானே... நட்டைக் கழற்றிப் பெரிய ஜெட் ஒண்டைப் போட்டுட்டேன். நானாவுக்கு ஒண்டும் சொல்லல்ல.

வெளியில ரெண்டு மணித்தியாலம் வெயில். போத்தல் சூடாகி முள்ளு மேல ஏறிட்டு. எனக்குப் பெரிய சந்தோஷம்.

நானா வழமை போல முதல்ல சின்னதா ஒரு ஓட்டம் ஓட விட்டு, பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தார். பிளக்கிட வெள்ளைப் பீங்கான்ல மிளகுத்தூள் போலப் பொட்டுப் பொட்டா. கேஸ் கூடி, பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கு.

முழு வேகத்தில விட்டிருந்தா எஞ்சின் வெடிச்சிருக்கும். உள்ள இருக்கிறது ரிஸ்வான்.

குனிஞ்சு நட்டைப் பார்த்தார். கோடு உடைஞ்சிருந்தது.

"நீ தொட்டியா?" மெதுவாத்தான் கேட்டார்.

"நான் ஏன் நானா தொடப் போறேன்."

கேஸ் போத்தல்ல ஒரு மீன் செதிள் ஒட்டியிருந்தது. அதை நகத்தால சுரண்டி எடுத்து, சேட்டுப் பொக்கெட்டுக்குள்ள போட்டார்.

அங்கால சிலாபத்துக்காரன், "மொகத பாஸ், பயத?" எண்டு சிங்களத்தில கத்துறான். பயமா எண்டு கேக்கிறான். சனமெல்லாம் சிரிக்குது.

நானா எழும்பி நிண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், "என்ட பிழை. ஜெட் அளவு பிழைச்சிட்டு. கார் ஓடாது."

நான் என்ன செஞ்சேன் தெரியுமா...

"என்ன நானா, ரெண்டு கிழமை மினக்கெட்டது இதுக்கா?" எண்டு அவ்வளவு சனத்துக்கு முன்னால ஏசினேன்.

அவர் ஸ்பானரைத் துடைச்சிட்டே இருந்தார்.

அதுக்குப் பிறகு, வழமையா அவர்ட்ட வாற நுரைச்சோலைப் பொடியன்மார் வேற கராஜ் பார்த்துப் போனாங்க. நானா ஒரு நாளும் என்னைப் பத்தி வாய் திறக்கல்ல. பிறகும் என்ட காருக்கு அவர்தான் வேலை செஞ்சார், அவர்தான் கோடு இழுத்தார்.

இண்டைக்கு மையவாடியில ஒருத்தன் சொன்னான், "திறமான ஆள்தான். அந்த ரேஸிலதான் கோட்டை விட்டுட்டார்." நான் பக்கத்திலதான் நிண்டேன். குனிஞ்சு கபுறுக்கு ஒரு பிடி மண் அள்ளிப் போட்டேன்.

அதான் இங்க எழுதுறேன். ஜெட்டை மாத்தினது நான். நானாவுக்கு அளவு பிழைக்கல்ல.

நான் எதையும் கூட்டிச் சொல்ற ஆள் எண்டு எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரன்ட கதையில வேணுமெண்டா ரெண்டு நாளைக் கழிச்சிக்கோங்க. இதில ஒண்டும் கழிக்க வேணாம்.

ரிஸ்வானுக்கு இப்ப மூணு பிள்ளைகள். இண்டைக்கு மையத்து வச்ச சந்தூக்கை முன்னால பிடிச்சது அவன்தான்.

அல்லாஹ் உங்கட கபுறை வெளிச்சமாக்கட்டும் நானா.