மாசிக் குளிரில் ஒரு எஞ்சின்

எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு கார் எஞ்சினின் மேற்பாகம் இருந்தது. ஹெட் என்று என் கணவர் சொல்வார். பழைய பேப்பர் விரித்து, அதற்குமேல் என்னுடைய நல்ல துவாயையும் விரித்து, பிறந்த பிள்ளையைக் கிடத்துவதுபோல அதைக் கிடத்தியிருந்தார். வெளியே வைத்தால் ஈரம் பிடித்துக் கறள் கட்டிவிடுமாம். மேசை அதற்குப் போனதால் நாங்கள் இருவரும் குசினியில் நின்றபடி சாப்பிட்டோம். நாள் முழுக்க வேலையில் நின்றுவிட்டு வந்து, கால் உளைய உளைய, சோற்றையும் நின்றுகொண்டே தின்றேன். யாரிடம் போய்ச் சொல்ல?

கார் ஐப்பசியில் நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீரும் எண்ணெயும் கலந்து, சூடேறி, பெருந்தெரு ஓரத்தில் புகை தள்ளிக்கொண்டு நின்றுவிட்டது. கராஜ்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். திருத்துவது வீண் வேலை, உடைக்கக் கொடுத்துவிடுங்கள் என்றார். என் கணவருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அவர் ஒன்றும் மெக்கானிக் இல்லை. டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஒரு தொழிற்சாலையில் நெடுங்காலம் மெசினுக்கு முன்னால் நின்று, முதுகு பழுதாகி, வீட்டோடு இருந்துவிட்டவர். வீடியோ பார்த்து எல்லாம் படிக்கலாம் என்று நம்புகிற ஆள்.

“ரெண்டு கிழமை வேலையப்பா” என்றார்.

ரெண்டு கிழமையாம்! தை பிறந்தபோதும் கார் வாயைத் திறந்தபடியே கார்போர்ட்டில் நின்றது.

எனக்கு வேலை ரண்டர்ஸுக்கு வெளியே ஒரு கிராமத்து முதியோர் இல்லத்தில். காலை வேலை. முதல் பஸ் அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நான் இரண்டு மூன்று பேரை எழுப்பி, கழுவி, உடுப்பாட்டியிருக்க வேண்டும். சனி ஞாயிறில் அந்தப் பஸ்ஸும் கிடையாது. ஆகவே சைக்கிள். இருட்டில், வயல்களுக்கு நடுவே, முகத்தில் அறைகிற காற்றோடு. தையில் ஒருநாள் ஐஸில் சறுக்கி விழுந்தேன். முழங்கால் வீங்கிப்போய், அன்றைக்கு அந்த முதியவர்கள் எனக்குத்தான் கதிரை காட்டினார்கள்.

அன்று பின்னேரம் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே அவரிடம் சொன்னேன். “மாசி முடியிறதுக்குள்ளை கார் ஓடவேணும். ஓடாட்டி நான் வேலையை விடுறன். இனி என்னாலை ஏலாது.”

“ஓம்” என்றார்.

வெருட்டுவதற்காகச் சொன்னதல்ல அது. இந்த வயதில் இந்த முழங்காலோடு இன்னொரு வேலை யார் தரப்போகிறார்கள்? அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் காலையில் அந்தச் சைக்கிளைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை.

ஒடென்சேயில் படிக்கிற எங்கள் மகள் போனில், டேனிஷில், அந்தச் சாமானைத் தூக்கி எறியுங்கள் அம்மா என்றாள். “உதை அப்பாட்டைச் சொல்லு” என்று போனை அவரிடம் நீட்டினேன். அவரிடம் அவள், “சாப்பிட்டீங்களோ அப்பா?” என்று தமிழில் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கெட்டிக்காரி.

அந்தக் கார்போர்ட்டுக்குக் கூரை மட்டும்தான், சுவர் இல்லை. அவர் தறப்பாள் கட்டி, ஒரு லைற்றைத் தொங்கவிட்டு, சின்ன ஹீட்டர் ஒன்றையும் வைத்திருந்தார். அதன் சூடு எங்களுக்கு வந்ததைவிட அயலவர் வேலிக்குப் போனதுதான் கூட. கையுறை போட்டால் நட்டு கையில் பிடிபடாது. கழற்றினால் இரும்பு தோலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு கைக்கு மட்டும் உறை போட்டு, மற்றக் கையைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கி வேலை செய்தார். எஞ்சின் எண்ணெய்ப் போத்தல் எங்கள் படுக்கையறை ஹீட்டரோடு சாய்ந்து நின்றது. ஏதோ ஒரு பசை காய வேண்டுமென்று, என்னுடைய தலைமயிர் காயவைக்கிற மெசினால் நான் எஞ்சினுக்குச் சூடு பிடித்தேன். நாயோடு போன அயல்வீட்டு டேனிஷ்காரர் நின்று பார்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனார்.

மாசியில் ஒரு சனிக்கிழமை, ஹெட்டை இருவருமாகத் தூக்கிக்கொண்டுபோய் எஞ்சினில் வைத்தோம். இனி அதை இறுக்குகிற பத்துப் போல்ட்டுகள். அதுதான் முக்கியமான வேலை என்று அவர் கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் தொடங்கி வெளியே போகிற ஒழுங்கில், முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இறுக்க வேண்டும். பிறகு அதே ஒழுங்கில் ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். பிறகு இன்னொரு கால் சுற்று. திருப்பத் திருப்ப அந்தப் போல்ட் உள்ளுக்குள் இழுபட்டு நீளுமாம். திருப்பி முடித்ததில் அடையாளம் போட வெள்ளைப் பேனை ஒன்று வாங்கி வைத்திருந்தார். குளிரில் அது எழுத மறுத்துவிட்டது.

“நீர் எண்ணும். நான் திருப்புறன்” என்றார்.

எண்ணினேன். காலை வேலை முடிந்து வந்த களையோடு, ஒரு கையில் லைற்றைப் பிடித்தபடி எண்ணினேன். எல்லாப் போல்ட்டுக்கும் முதல் கால் சுற்று முடிந்தது. இரண்டாவதில் பாதி தாண்டியிருக்கும், ஒரு கார் வந்து எங்கள் வாசலில் நின்றது.

இறங்கியவர்கள் புரொண்பியிலிருந்து வந்த அண்ணையும் அவருடைய மனைவியும். சொந்தமில்லை. டென்மார்க்குக்கு வந்த புதிதில் ஒரே அகதி முகாமில் ஒன்றாக இருந்தவர்கள். அக்கா குளிர் கோட்டுக்குள் பட்டுச்சேலை உடுத்து, ஒரு பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, மகனுக்குக் கலியாணம். கார்ட் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் கலியாணக் கார்டைத் தபாலில் போடமாட்டார்கள். பெற்றோர் சோடியாக வீடுவீடாகப் போவார்கள். வீட்டுக்காரரும் சோடியாக நின்று இரண்டு கையாலும் வாங்க வேண்டும். தபாலில் வந்தால் மதிக்கவில்லை என்று அந்தக் கலியாணத்துக்கே போகாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு வந்தால் சமைக்கத் தொடங்கிவிடுவோம் என்று சொல்லாமலும் வருவார்கள். நாட்டின் அந்தக் கரையிலுள்ள புரொண்பியிலிருந்து நாங்கள் இருக்கிற யூட்லாந்துவரை, கடற்பாலம் தாண்டி, பனிக்குள்.

“தம்பி, என்னடா இது கோலம்? இந்தக் குளிருக்குள்ளை!” என்றார் அண்ணை.

“அண்ணை, ஒரு பத்து நிமிஷம்…” என்று என் கணவர் இழுத்தார்.

“ஓமோம், நீ முடி. நாங்கள் இஞ்சையே நிக்கிறம்” என்றார் அக்கா. அவருடைய காலில் விரல் தெரிகிற செருப்பு.

என் கணவர் அந்தக் காலைப் பார்த்தார். ஸ்பனரை வைத்துவிட்டார். வேறு என்ன செய்ய? நல்ல சேதியோடு வந்த மனிசியை ஐஸில் நிறுத்திவிட்டுப் போல்ட் இறுக்குவதா?

சவர்க்காரமும் சீனியும் போட்டுத் தேய்த்தும் அவர் நகத்தில் எண்ணெய் போகவில்லை. அவர் ஷேர்ட்டை மாற்றினார். நான் வேலை உடுப்பைக் கழற்றிச் சேலை சுற்றினேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, குங்குமம் தொட்டு, கற்கண்டு எடுத்து, கார்டை வாங்கினோம். நல்லகாலம், மேசை அன்றைக்குத்தான் எங்களுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. ஃப்ரீசரில் இருந்த ரோல்ஸைப் பொரித்தேன். தேத்தண்ணி ஊற்றினேன். மணமகள் என்ன படித்தவள், மண்டபம் எங்கே, யார் யாருக்கு இன்னும் கார்ட் கொடுக்க வேண்டும், எல்லாம் கதைத்தார்கள். நடுவில் அண்ணை, “உந்தக் கரைச்சல் உனக்கு ஏன்ரா தம்பி? பழைய இரும்பு. விட்டிட்டு வேறை ஒண்டை எடு” என்றார். என் கணவர் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் கொதி. ஆனாலும் இன்னொரு ரோல்ஸ் எடுங்கோ அண்ணை என்றுதான் வாய் சொன்னது.

அவர்கள் போனபோது வெளியே இருண்டிருந்தது.

திரும்பக் கார்போர்ட்டுக்குப் போனோம். அவர் ஸ்பனரைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஆறிலை விட்டது” என்றார்.

“ஏழும் முடிஞ்சுது” என்றேன்.

“இல்லையப்பா. ஆறு.”

“எண்ணினது நீங்களோ நானோ? ஏழு!”

லைற்றைக் கிட்டப் பிடித்துக் குனிந்து பார்த்தார். எல்லாப் போல்ட்டும் ஒரே மாதிரி இருந்தன. அவை என்ன வாய் திறந்து சொல்லுமா?

“ஏழெண்டு வைச்சுக்கொண்டு செய்யுங்கோ. பிழையெண்டால் என்ரை தலையிலை போடுங்கோ” என்றேன்.

அவர் விரலால் ஒவ்வொரு போல்ட்டாகத் தடவிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். ஏழைத் திருப்பாமல் விட்டால் அந்த இடத்தால் திரும்பவும் தண்ணீர் கசியும். திருப்பினதையே திருப்பினால் போல்ட் முறியும். இரண்டில் எது என்று தெரியாது. எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும். ஒருக்கால் இழுபட்ட போல்ட்டைத் திரும்பப் போட முடியாது. புதிது எடுப்பித்து வர இன்னும் ஒரு கிழமை.

“ஒரு கிழமையோ?” எனக்குக் குரல் கிளம்பிவிட்டது. “விசரோ உங்களுக்கு? இன்னும் ஒரு கிழமை அந்தச் சைக்கிளிலை போகச் சொல்லுறியளோ? நான் செத்துப்போவன். உங்களுக்கு என்னைவிட இந்த இரும்புதான் பெரிசு!”

அவர் ஸ்பனரைப் போட்டு முதல் போல்ட்டைப் பின்பக்கமாகத் திருப்பினார். அது டக் என்று விட்டது. நான் லைற்றை நிலத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சேலையோடேயே கட்டிலில் விழுந்தேன். அழுகை வந்தது. துக்கம் இல்லை, வெறும் அலுப்பு. உடம்பு முழுக்க அலுப்பு.

அந்தக் கிழமை நாங்கள் அதிகம் கதைக்கவில்லை. நான் சைக்கிளில் போனேன், வந்தேன். விழவில்லை. போல்ட் வந்தது. அடுத்த சனி, இருவருமாக நின்று தொடக்கத்திலிருந்து இறுக்கினோம். இந்தமுறை பேனையையும் அவர் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி வைத்திருந்தார். எவரும் வரவில்லை. மிச்சச் சாமான்களையும் எஞ்சினில் பூட்டி, பின்னேரம் காருக்குள் ஏறித் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் இருமியது. திரும்பவும் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டு ஓடியது. எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது, துள்ளத்தான் சீவன் இல்லை. அவரோ ஒரு ஸ்க்ரூ ட்ரைவரின் ஒரு நுனியை எஞ்சினில் வைத்து, மற்ற நுனியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

“ஏதோ ஒரு சத்தம் கேக்குது” என்றார்.

“எனக்கு ஒண்டும் கேக்கேல்லை.”

“உமக்குக் கேக்காது.”

ஞாயிறு காலையில் அவர் முந்தியே எழும்பி, கண்ணாடியில் ஐஸைச் சுரண்டி, எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார். “மெல்லப் போம்” என்றார். நான் போனேன். அதே வயல், அதே இருட்டு, அதே காற்று, ஆனால் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே. கால்விரல்கள் எனக்கு இருப்பது தெரிந்தது. முதியோர் இல்லத்து வளவில் காரை நிறுத்தியபோது வேலை தொடங்க நேரம் நிறையக் கிடந்தது. சூட்டுக்குள் ஒரு கால் மணித்தியாலம் அப்படியே சாய்ந்திருந்துவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன்.

உடனே எடுத்தார். ஒரே காற்றுச் சத்தம். மூச்சு வாங்கியது.

“வந்திட்டன்” என்றேன். “எங்கை நிக்கிறியள்? என்ன சத்தம் அது?”

“வந்திட்டீரோ? ஒரு பிரச்சினையும் இல்லையோ? சூடு ஏறேல்லையோ?”

“இல்லை. நீங்கள் எங்கை?”

ஏதோ கிரீச்சிட்டு நின்றது. “உம்மடை சைக்கிளிலை. அரைவாசி தாண்டீட்டன்.”

“ஐயோ கடவுளே! அந்த முதுகோடையோ? என்னத்துக்கு?”

“கார் வழியிலை நிண்டால் நீர் இருட்டுக்குள்ளை தனிய நிப்பீர். அதுதான் பின்னாலை வந்தனான்” என்றார். “வந்து சேர்ந்திட்டீர்தானே. நான் திரும்புறன்.”

“திரும்பவேண்டாம். இஞ்சை வாங்கோ” என்றேன்.

நான் உள்ளே போகவில்லை. எஞ்சினைத் திரும்ப ஓடவிட்டு, சூட்டை முழுக்கக் கூட்டி, அவருடைய பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றேன். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சைக்கிளில் போய் ஒருநாளும் பிந்தாதவள், கார் கிடைத்த முதல் நாள் வேலைக்குப் பிந்தினேன்.