மேசைமேல் வைத்த கை

டெனிஸ்டன் ஆட்களுக்கு முன்னால் கை நீட்டுகிற மனிதனில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. அடிப்பதற்கு முன் யன்னல் திரையை இழுத்து விடுவான். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவான். கடைசியாக மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைப்பான். அந்த 'டக்' கேட்டதும் றொஷினி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். கண்ணாடி உடைந்தால் அடுத்த நாள் வேலையில் துணியின் கறை தெரியாது.

அவள் மன்னார், பேசாலைப் பிள்ளை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இருபத்திரண்டு வயதில் டெனிஸ்டனின் படத்தைப் பார்த்துக் கலியாணத்துக்குச் சம்மதம் சொல்லி, ஒரு பெப்ரவரியில் மொன்றியலில் வந்து இறங்கினாள். முதல் அடி மூன்றாம் கிழமை விழுந்தது. பஸ் சாரதி பிரெஞ்சில் பொன்ஜூர் என்று வணக்கம் சொன்னான், அவளும் திரும்பப் பொன்ஜூர் சொன்னாள், அதற்காக. பிறகு இரண்டு விலா எலும்பு, ஒரு பல், இடது காதில் பாதிக் கேட்கும் திறன். ஆஸ்பத்திரியில் டெனிஸ்டனே அவளுக்காகக் கதைத்தான்: பனியில் வழுக்கி விழுந்துவிட்டாள். மொன்றியலில் ஆறு மாதம் பனி. ஆறு மாதமும் அவள் விழுந்தாள். மிச்ச ஆறு மாதத்துக்குப் படிக்கட்டு இருந்தது. இரண்டு தடவை வயிற்றில் தங்கிய பிள்ளைகளும் அந்தப் படிக்கட்டுக் கணக்கில்தான் போயின.

நகரின் வடக்கே, மொன்றியல்-நோரில், ஒரு சலவைத் தொழிற்சாலையில் அவளுக்கு ஆஸ்பத்திரி விரிப்புகள் மடிக்கிற வேலை. பக்கத்தில் நின்று மடித்த ஹெய்ட்டிப் பெண்களிடமிருந்து பிரெஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அதை வாயில் எடுக்கவில்லை.

அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் டெனிஸ்டன் வேறு ஆள். துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் இழுக்கிற லொறிக்காரன்; உடம்பில் பலமிருந்தது. பூசை முடிய நூறு கதிரையைத் தனியாக அடுக்குவான். செத்த வீடு என்றால் முதல் ஆளாக நிற்பான். அவன் அடிப்பதைப் போன மாதம் றொஷினி கோயில் சபைத் தலைவர் ஞானேந்திரனிடம் போய்ச் சொன்னாள்.

"டெனிஸ்டனோ? அந்தப் பெடியனோ?" என்றார் அவர். "கோவிக்காதையும் பிள்ளை. கண்டவை ஆரும் இருக்கினமோ?"

பொலிசைக் கூப்பிட ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு எந்த வாசலில் போய் நிற்பது? அவளுக்குத் தெரிந்த வாசல்கள் எல்லாம் கோயில் ஆட்களின் வாசல்கள். அவர்களில் ஒருவராவது கண்ணால் காண வேண்டும். ஓகஸ்ட்டில், நகருக்கு வெளியே றிகோவில் இருக்கிற மாதா கோயிலுக்கு யாத்திரை போன அன்று, றொஷினி மெழுகுதிரியைக் கொளுத்திக் கேட்டதும் அதைத்தான்: இவன் இன்றைக்கு ஆட்களுக்கு முன்னால் அடிக்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஞானேந்திரன் இரண்டு குடும்பத்தையும் சாப்பிட ஒரு பழைய பப்புக்குக் கூட்டிப்போனார். குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் வழிப்போக்கர் தங்கிய கல்லுக் கட்டடம். வாசலில் குதிரை கட்டிய இரும்பு வளையம் இன்னும் இருந்தது. உள்ளே சுவரெல்லாம் கோடரி, வாள், மிருகம் பிடிக்கிற பல்லுப் பொறி.

"இருநூறு வருசமாம்," என்றார் ஞானேந்திரன், நிலையில் தலை இடிக்காமல் குனிந்தபடி. "கதவைப் பாருங்கோ. வெள்ளைக்காரன் அந்த நேரம் குள்ளன் போல."

"உங்களுக்கும் அளவாத்தான் கிடக்கு," என்றாள் அவர் மனைவி ஜொய்சி.

நீட்டு மேசையில் ஐந்து பேரும் இருந்தார்கள். றொஷினிக்கு இடப்பக்கம் டெனிஸ்டன். எதிரே மாமியார் பிலோமினம்மா, ஞானேந்திரன், ஜொய்சி. மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் சொன்னார்கள். பிலோமினம்மா கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்துத் தயாராக வைத்தாள். ஆண்கள் இருவருக்கும் பியர்; பெண்களுக்குக் கோக் என்று டெனிஸ்டன் சொன்னான். கலியாண மண்டபம் என்றால் ஆண்கள் கார் டிக்கியைத் திறந்து வைத்து வெளியிலே குடிப்பார்கள். இங்கே ஒரே மேசை.

பரிமாறுகிற பெண் திரும்பப் போனாள். றொஷினி அவளைக் கூப்பிட்டு, பிரெஞ்சில், தனக்குக் கோக் வேண்டாம், கறுப்புப் பியர் ஒன்று பெரிசாகக் கொண்டுவரும்படி சொன்னாள்.

முதலில் பிரெஞ்சு, அடுத்தது பியர். எதை முதலில் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"தங்கச்சி, கறுப்பா இருந்தாலும் அது கோக் இல்லை," என்றார் ஞானேந்திரன்.

"தெரியும் அண்ணை."

"மாதாவைக் கும்பிட்டு வந்த வாய்," என்றாள் பிலோமினம்மா. "டெனிஸ்டன், உன்ர மனுசிக்கு என்ன பிடிச்சது?"

பியர் வந்தது. தடித்த கண்ணாடிக் குவளை. தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. மருந்துபோலக் கசந்தது. றொஷினி டெனிஸ்டனைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். அடி, என்று மனதுக்குள் சொன்னாள். இந்த மேசையில், இந்த வெளிச்சத்தில் அடி.

அவன் சிரித்தான். "குடிக்கட்டும் அண்ணை. கனடாதானே."

பிறகு மேசையில் 'டக்' என்றது. மோதிரம் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. இந்தத் தடவை றொஷினி கண்ணாடியைக் கழற்றவில்லை.

அவனுடைய வலது கை மேசைக்குக் கீழே வந்து அவளுடைய இடது கையைப் பிடித்தது. பார்க்கிறவர்களுக்கு ஆசையாகப் பிடிப்பதுபோல இருந்திருக்கும். "போன கிழமை ஒரு கொண்டெய்னர் அண்ணை," என்று அவன் கதை சொல்லத் தொடங்கினான், "குளிர் மெசின் நிண்டு போச்சு." சொல்லிக்கொண்டே அவளுடைய சின்ன விரலை மட்டும் பிரித்தெடுத்தான். "உள்ளுக்கு முழுக்கக் கோழி." விரலைப் பின்பக்கமாக வளைத்தான். "திறந்தா நாத்தம் எண்டா நாத்தம்." ஞானேந்திரன் மூக்கைச் சுளித்துச் சிரித்தார். முருங்கைக்காய் முறிகிற மாதிரி ஒரு சத்தம். வலி தோள்வரை ஏறியது. றொஷினியின் வாயில் இருந்த பியர் திரும்பி மூக்குக்கு வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

இவன் விடமாட்டான், என்று விளங்கியது. இவன் ஒருநாளும் மேசைக்கு மேலே வரமாட்டான்.

அவள் கையை உருவி எடுத்து, மீன் தட்டுக்கும் மிளகாய்த்தூள் போத்தலுக்கும் நடுவில், எல்லோரும் பார்க்க வைத்தாள். சின்ன விரல் புறங்கைப் பக்கம் திரும்பிக் கிடந்தது.

"என்ன பிள்ளை உது?" என்றாள் ஜொய்சி.

"கதிரைக்குள்ள மாட்டிப்போட்டாள் போல," என்றான் டெனிஸ்டன்.

"கையைக் கீழ வை," என்றாள் பிலோமினம்மா. "சாப்பிடுற இடம்."

"இவர் முறிச்சவர்," என்றாள் றொஷினி. "இப்ப. கோழிக் கதை சொல்லேக்க."

அந்தக் குரலில் அழுகை இல்லாததுதான் அவனைக் கிளப்பியிருக்க வேண்டும். அவன் அவளுடைய கொண்டையைப் பிடித்து முகத்தைத் தட்டில் இடித்தான். தட்டு இரண்டாகப் பிளந்தது. தூக்கி மறுபடியும் இடித்தான். மூக்குக் கண்ணாடி உடைந்து நெற்றியில் குத்தி இறங்கியது. மூன்றாவது தடவைக்கு முன் அவளுடைய வலது கையில் பியர் குவளை அகப்பட்டது. நல்ல பாரம். அவனுடைய காதடி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஓங்கினால் விழுந்துவிடுவான். ஓங்கினால் இரண்டு பேரும்தான் அடித்தார்கள் என்று சொல்ல ஞானேந்திரன் அண்ணைக்கு இடம் கிடைத்துவிடும். அவள் குவளையை விட்டாள். கண்ணை மூடாமல், இரத்தத்துக்கூடாக, எதிரே இருந்த ஞானேந்திரனையும் ஜொய்சியையும் பார்த்தபடி மூன்றாவது இடியை வாங்கினாள்.

பாரில் நின்ற இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். டெனிஸ்டன் ஒருவனைத் தலையால் முட்டி மூக்கை உடைத்தான். மற்றவன் அவனைச் சுவரோடு அடித்தான். பல்லுப் பொறி சங்கிலியோடு கழன்று நிலத்தில் விழுந்தது. சமையல்காரனும் வந்து சேர்ந்த பிறகுதான் அவனைக் குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை ஊன்ற முடிந்தது. அவன் நிலத்தில் கிடந்து தமிழில் ஏசினான். அந்த வார்த்தைகளை றொஷினி தினமும் கேட்டவள். ஜொய்சி அன்றைக்குத்தான் கேட்டாள்.

பொலிஸ்காரி வந்ததும் ஞானேந்திரன் எழுந்து, இது சின்னக் குடும்பப் பிரச்சினை என்று பிரெஞ்சில் தொடங்கினார்.

"இல்லை, மடாம்," என்று றொஷினி அதே பிரெஞ்சில் குறுக்கே வந்தாள். துவாயால் நெற்றியை அழுத்திக்கொண்டு, விரலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள்.

பொலிஸ்காரி மேசையைப் பார்த்து, கண்டவர்கள் யார் என்று கேட்டாள்.

"நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தனான்," என்றாள் பிலோமினம்மா, தட்டைத் தொடாமல். பிறகு ஞானேந்திரனைப் பார்த்தாள். "நீர் கோயில் மனுசன். யோசிச்சுச் சொல்லும்."

ஞானேந்திரன் யோசித்துக்கொண்டே இருந்தார்.

"நான் கண்டனான்," என்றாள் ஜொய்சி. பொலிஸ்காரிக்கு விளங்கவில்லை. ஜொய்சி கணவனின் முழங்கையைத் தட்டினாள். "இஞ்சேருங்கோ, எனக்குப் பாஷை தெரியாது. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

அவர் ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். கொண்டையைப் பிடித்தான். மூன்று தரம் இடித்தான். அவள் திருப்பி அடிக்கவில்லை. குவளை கையில் இருந்தும் அடிக்கவில்லை. பொலிஸ்காரி எழுதினாள்.

"இவ ஆஸ்பத்திரியால எங்கட வீட்டை வருவா," என்றாள் ஜொய்சி. "எவ்வளவு காலமெண்டாலும் எங்களோட இருப்பா. அதையும் சொல்லுங்கோ."

ஞானேந்திரன் அதையும் பிரெஞ்சில் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் திரும்பி மனைவியைப் பார்த்தார். பொலிஸ்காரி அவரிடம் வீட்டு விலாசத்தைக் கேட்டாள்.