ஒன்பது படங்களில் ஒன்று

போன தை மாதம் கொடைரோடு பக்கம் ஒரு பண்ணை வீட்டின் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தோம். என் கணவர் வயரிங் வேலை எடுத்துச் செய்பவர். அந்த வீட்டுக்கு முழு வேலையும் அவர்தான் செய்திருந்தார். சொந்தக்காரர்கள் இருப்பது சென்னையில். இங்கே லீவுக்கு வந்து போவார்களாம்.

வீடு புதுசு, உள்ளே இருந்ததெல்லாம் பழசு. வாசலில் மாட்டு வண்டிச் சக்கரம். மூலையில் ஓர் ஆட்டுக்கல், அதன் குழியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட்டிருந்தார்கள். அந்த மாதிரிக் கல்லில் மாவாட்டிக் கை காய்த்தவள் நான். சிரிப்புத்தான் வந்தது.

ஹாலுக்குள் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சுவர் முழுக்கச் சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒன்பது. யார் யாரோ. கடைசியில் என் அம்மா.

அவள் இடுப்பில் கைக்குழந்தையாக நான். எனக்கு இரண்டு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அவள் முகம் எனக்குத் தெரியும் என்றால் அந்த ஒரே படத்தால்தான். வெள்ளிக்கிழமைதோறும் அப்பா அதன் கண்ணாடியில் குங்குமம் வைப்பார். கல்யாணமாகிக் கிளம்பும்போது கேட்டேன். "நான் இருக்குற வரைக்கும் எங்கூட இருக்கட்டும் தாயி" என்றார். அப்பாவும் போன பிறகு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அண்ணன் வீட்டைக் காலி செய்து எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான். "பழைய சட்டம், கண்ணாடி... வச்சு என்னத்தச் செய்ய?" என்றான். கடைக்கு ஓடினேன். படங்களை மொத்தமாக யாரோ வாங்கிப் போயிருந்தார்கள்.

வீட்டம்மாவிடம் சொன்னேன். "மேடம், இது எங்கம்மா. இடுப்புல இருக்குறது நாந்தான்."

"ஐயோ, நிஜமாவா!" என்று விருந்தாளிகளையெல்லாம் கூப்பிட்டார். என்னைப் படத்தின் பக்கத்தில் நிறுத்தி ஆளாளுக்குச் செல்லில் படம் எடுத்தார்கள். "அந்தக் குங்குமக் கறையைத் துடைக்கவே கூடாதுன்னு சொல்லிட்டேன். அதுதான் லுக்கே" என்றார் வீட்டம்மா. அது கறை இல்லை, என் அப்பாவின் விரல்.

கூட்டம் கலைந்ததும் கேட்டேன். "இதை எனக்குக் குடுத்துருங்க மேடம். இதுக்குப் பதிலா வேற நல்ல பழைய படமா நானே தேடிக் கொண்டாந்து தாரேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "ஒன்பதும் ஒரு செட்டும்மா. ஒண்ணை எடுத்தா சுவரே மொட்டையாயிடும். வேணும்னா செல்லுல எடுத்துக்கோயேன்" என்று தோளைத் தட்டினார். "பாயசம் சாப்பிட்டியா?"

கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அதே ஆட்கள் திண்டுக்கல்லில் கட்டும் கல்யாண மண்டபத்தின் வேலையும் அவர் கைக்கு வரவிருந்தது. அவரைச் சொல்லி என்ன பயன், பிள்ளைகள் படிக்கிறார்கள். செல்லில் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பாயசத்தையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வண்டியில் வரும்போது அவர், "அந்தப் படத்துக்கு மேல லைட்டு மாட்டுனது நாந்தேன். அப்ப வெறுஞ் செவரு. எந்தப் படம் வரும்னு எனக்கென்ன தெரியும்?" என்றார்.

வீட்டுக்கு வந்து செல்லைப் பார்த்தால், அந்த விளக்கின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு அம்மாவின் பாதி முகத்தை மறைத்திருந்தது. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுத்தார். அவர் போட்ட கண் யாருடைய கண்ணோ. வேண்டாம் என்று அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இன்னொரு தடவை எடுத்து வரலாம் என்று போனேன். கேட்டில் எங்கள் ஊர்த் திண்டுக்கல் பூட்டு தொங்கியது. வீட்டம்மாவுக்குப் போன் போட்டால், "அடுத்த தடவை வரும்போது சொல்றேம்மா" என்கிறார். அந்த அடுத்த தடவை இன்னும் வரவில்லை.

பழைய பொருள் என்றால் எனக்கு உயிர் என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எழுந்து போய்விடுகிறேன். பெற்றவள் முகத்தைப் பார்க்க அடுத்தவர் வீட்டுச் சாவிக்குக் காத்துக் கிடக்கிற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.