நான் நறுக்கிய நூல்

மருதமுனையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். நெய்த துணியில் நூல் தொங்கினால் உம்மா விடமாட்டா. "பிசிறோட துணி வெளியே போனா நம்மட மானந்தான் போகும்" என்பா. அதனால் தொங்கும் நூலைக் கண்டால் என் கை சும்மா கிடக்காது. அந்தக் கையோடுதான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரி ஒப்பரேஷன் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்தேன்.

சேர்ந்த மாதமே சாய்ந்தமருதிலிருந்து அக்கா வயதில் ஒரு ராத்தா வந்தா. கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், ஆறாத கறுப்புப் புண். வலி தெரியாமலிருக்க விறைப்பூசி போடும்போது பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டா. டொக்டர் புண்ணை வெட்டியெடுத்து, அதன் ஒரு ஓரத்தில் நீளமாக ஒரு நூலைத் தைத்துத் தந்தார். மருந்துப் போத்தலில் போட்டுக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்புவது என் பொறுப்பு.

நூல் போத்தலுக்குள் தொங்கியது. பெரிய கெட்டிக்காரன் போல, முடிச்சோடு நறுக்கி எடுத்துவிட்டு மூடினேன். ஏன் நூல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை, மடையன்!

சில கிழமைகளில் பதில் வந்தது. புற்றுநோய்தான். ஒரு ஓரத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அடையாள நூல் இல்லாததால் எந்த ஓரமென்று சொல்ல முடியாதாம்.

"கண் பக்கத்து ஓரத்திலயெல்லோ நூல் வச்சனான். ஆர் வெட்டினது?" என்று டொக்டர் கேட்டார்.

"நான்தான் சேர்."

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "மிச்சம் கீழ்ப்பக்கம் எண்டு தெரிஞ்சா கன்னத்தில கொஞ்சம் எடுத்தாப் போதும். இப்ப சுத்திவர வெட்டவேணும், இமையையும் சேர்த்து. நீரே போய் அவவிட்டச் சொல்லும்" என்றார்.

திரும்பக் கூப்பிட்டு வார்டில் சேர்த்திருந்த ராத்தாவின் கட்டில் வரைக்கும் போனேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். மறுநாள் சுற்றிவர வெட்டினார்கள்.

அடுத்த வருஷம் கல்முனைச் சந்தையில் ராத்தாவைக் கண்டு ஒதுங்கப் பார்த்தேன். விடவில்லை. கீழிமை தொங்கி, அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஏன் தம்பி பயந்துபோய் பாக்கிறீங்க? நான் அழல்ல. இந்தக் கண்ணு மூடுதில்ல, அதான் சும்மா ஊத்துது. அல்லாஹ் ஹயாத்தத் தந்து உசிரோட வச்சிரிக்கானே, அது போதும்." முந்தானையால் துடைத்துக்கொண்டா. "அண்டைக்கு என்ட கையப் புடிச்சிக்கிட்டு நிண்டீங்க. ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்கு துஆக் கேக்கிறன்."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம் ராத்தா" என்றேன்.