"அக்கா இருக்காங்களா?"

நேற்று பாடாங் செராய் ஊருக்குள் சமிக்ஞை விளக்கில் நின்றபோது முன்னால் ஒரு பழைய கார். அதன் புகையில் பாதி எரிந்த பெட்ரோல் வாசம், கண் எரிந்தது. "ரொம்ப ரிச்சா ஓடுது" என்று என் வாய் தானாக முணுமுணுத்தது. காற்றைவிடப் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். காரில் நான் மட்டும்தான். என் மனைவி தேவி கூட இருந்திருந்தால் எனக்கு முன்னால் அவள் சொல்லியிருப்பாள். அதுதான் இத்தனை வருஷமாக என் வயிற்றெரிச்சல்.

கல்யாணமான புதிதில் எனக்குக் கூலிம் பக்கம் தொழிற்சாலை வேலை. என் பழைய காருக்கு, மடிக்கணினியில் இணைத்து நாமே திருத்தக்கூடிய இன்ஜின் கம்ப்யூட்டர் ஒன்றை மாட்டினேன். திரையில் கட்டம் கட்டமாக இரண்டு அட்டவணைகள் வரும். எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும் என்பது ஒன்று. எந்தக் கணத்தில் தீப்பொறி விழணும் என்பது இன்னொன்று. இவற்றை மேப் என்போம். இணையத்தில் படித்துப் படித்து, இதில் நான் ஒரு புலி என்று எனக்கே ஓர் எண்ணம்.

ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்க முடியாதே. இரும்புக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த தேவியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். சாயங்காலங்களில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து நடுவே போகும் நேர் ரோட்டில் ஓட்டுவோம். "கட்டம் சிவப்பானா மட்டும் சொல்லு, எதையும் தொட்டுடாத." நான் அவளுக்குக் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

ஒரு நாள் தலையைச் சாய்த்தாள். "என்னங்க, கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருதே?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "கல்லு அடிக்குது லா."

"கல்லு இல்ல. நீங்க அழுத்தி மிதிக்கிறப்ப மட்டும் வருது. தீப்பொறி முந்திக்குதோ? கொஞ்சம் பின்னால தள்ளிப் பாக்கவா?"

திரையில் அந்த எண்ணைத் தள்ளினாள். சத்தம் நின்றதாம். கார் மேட்டில் முக்காமல் ஏறியது எனக்கும் தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் பிஸ்டன் உடைந்திருக்கும். "பரவாயில்லையே" என்றேன். அந்த ஒரு வார்த்தை வெளியே வர எவ்வளவு கஷ்டப்பட்டது தெரியுமா?

புக்கிட் செலம்பாவிலிருந்து நண்பன் குணா தன் காரைக் கொண்டுவந்தான். வாசலில் நின்ற என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான். "அண்ணே, அக்கா இருக்காங்களா?"

"டியூன் பண்றது நான்தான்டா."

"ஆமாண்ணே. நீங்க ஓட்டுங்க, அக்கா பாக்கட்டும்."

பிறகு பாலிங்கிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் அக்காதான் வேண்டும். நான் டிரைவர். வந்தவர்களுக்குத் தே ஓ ஐஸ், அதுதான் பாலில்லாத ஐஸ் டீ, கலக்கிக் கொடுத்ததும் நானேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு கார்ப் பட்டறை முதலாளி வருவதாகச் சொல்லியிருந்தார். தொழிற்சாலையை விட்டுவிட்டு அப்படியொரு பட்டறையில் சேருவது என் நெடுநாள் ஆசை. நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். வந்தவர் எனக்குக் கைகொடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நம்ம பட்டறைக்கு வேலைக்கு வர்றியாம்மா?"

அவர் போனதும், "நீங்க வேணாம்னா போகல" என்றாள் தேவி. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் கை மடிக்கணினி மூடியைத் தடவிக்கொண்டே இருந்தது. "போ" என்றேன்.

சில மாதம் கழித்து அவளை அழைத்துவரப் பட்டறைக்குப் போனேன். ஒரு கார் வந்து நின்றது. பக்கத்து இருக்கையில் தேவி. ஓட்டிவந்தது யாரோ ஓர் இளைஞன். "நாளைக்கு மூணாவது கியர்லயே புடிச்சு ஓட்டுங்க தம்பி, சரியா?" என்றாள் அவனிடம். என்னிடம் சொல்லும் அதே குரல், அதே தலைச்சாய்ப்பு. அதுவரை அவள்மேல் இருந்த பொறாமையெல்லாம் அந்த நொடியில் அவன்மேல் தாவியது. அவன் உட்கார்ந்திருந்தது என் இடமல்லவா?

வீட்டுக்கு வரும் வழியில் அதை அவளிடமே சொல்லிவிட்டேன். "உங்களுக்குப் பைத்தியமா?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே சாவியை எடுத்து நீட்டினாள். "வாங்க, ஓட்டுங்க. நான் பாக்குறேன்." அதன்பிறகு சில வருஷம் ஞாயிறு தவறாமல் ஓட்டினோம்.

இப்போது பட்டறையில் டியூன் பண்ணக் காரை உருளைகள் மேல் ஏற்றிவிடுகிறார்கள். சக்கரம் சுற்றும், கார் நகராது. தேவி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், இன்ஜின் சத்தம் கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டில் ஓட்ட யாரும் தேவையில்லை. அந்த இளைஞனும் வேறு வேலைக்குப் போய்விட்டான். எங்கள் பழைய காரை விற்றாயிற்று. செம்பனையை வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். நேர் ரோடு முழுக்க வேகத்தடை. போன வாரம் அந்த வழியாக அவளை ஏற்றிக்கொண்டு போனேன். ஆட்டோ கியர் கார், ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. "மூணாவது கியர்லயே புடிச்சு ஓட்டுங்க" என்று அவள் ஒரு தடவை சொல்லமாட்டாளா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.